இலையோரத்து உப்பு

மூடியைப் போட்டாகிவிட்டது. இனி அதுவாகச் சத்தம் கொடுக்கும்வரை திறக்கக் கூடாதாம். என் மருமகள் பிரவீணா சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தீபாவளிக்கு எனக்கென்று பெங்களூரிலிருந்து காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கரண்டு குக்கர். கறிக்கு ஒரு படம், சோற்றுக்கு ஒரு படம், பருப்புக்கு ஒரு படம், வேண்டிய படத்தில் விரலை வைத்தால் போதும், நீங்க பக்கத்துல நிக்கக்கூட வேண்டாம் அத்தை என்றாள். நான் நிற்கிறேன். எனக்கு நின்றுதான் பழக்கம். வதக்குவதும் இதிலேயே, அரைத்த மசாலாவை ஊற்றுவதும் இதிலேயே, கறியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி உடனே மூடிவிட வேண்டும், மூடினால்தான் அது வேலையை ஆரம்பிக்கும். கொதி பார்க்க முடியாது. விசில் கிடையாது. உள்ளே என்ன நடக்கிறதென்று காதுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி வாயை மூடிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது. குக்கர் மேல் இல்லை, அது பாவம், என்ன செய்யும். அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற ஆவுடை மதினி மேல் எரிச்சல். அவருடைய அக்கா. அவர் என்றால் என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினவர், செத்து இது மூன்றாவது தீபாவளி. அவருக்குத்தான் இந்தக் குழம்பு. தீபாவளியன்று காலையில் அவர் படத்துக்கு முன்னால் புது வேட்டியும் துண்டும் வைத்து, தலைவாழை இலையில் சோறும் கறிக்குழம்பும் வடையும் படைக்க வேண்டும். படைக்கிறவரைக்கும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சமைக்கிறவள் வைக்கவே கூடாது. நான் வைக்கிறேனா என்று பார்க்கத்தான் மதினி உட்கார்ந்திருக்கிறாள். மதினி கண்ணசந்தால் பார்ப்பதற்கு ஃபிரிட்ஜ் தலையில் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது.

அது வெள்ளையாக முட்டை அளவில் இருக்கும், கழுத்தை மட்டும் திருப்பும். அவர் இறந்த மாதமே என் மகன் ராஜவேல் கொண்டுவந்து வைத்த கேமரா. நீ தனியா இருக்க, விழுந்து கிடந்தாக்கூட யாருக்கும் தெரியாதும்மா என்றான். நல்ல பிள்ளை. தெருவே சொல்கிறது, பெங்களூரில் இருந்துகொண்டு அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறான் என்று. கண்ணுக்குள்தான் வைத்திருக்கிறான், சந்தேகமே இல்லை. முதல் தடவை ஃபிரிட்ஜ் மேலிருந்து அவன் குரலில் கேஸை அணைச்சியாம்மா என்று கேட்டபோது கையிலிருந்த பால் சட்டியைக் கீழே போட்டேன். அதையும் பார்த்துவிட்டு, ஏம்மா கை நடுங்குதா என்று கேட்டான். ஒரு நாள் துண்டைப் போட்டு மூடினேன், அடுத்த நிமிஷம் போன். இருட்டா இருக்கே, என்னாச்சு. ஒன்றும் ஆகலைப்பா, துண்டு காயப் போட்டேன் என்று சொல்லித் துண்டை எடுத்தேன். என் வீட்டில், என் ஃபிரிட்ஜில், நான் துண்டு போட்டதற்கு நான் பொய் சொன்னேன். இப்போதும் பாருங்கள், ஹாலில் சோபாவில்தான் இருக்கிறான், எழுந்து வந்து எட்டிப் பார்த்தால் நான் நிற்பது தெரியும், அதைவிட்டுப் போனில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா, ஆவி வர்ற பக்கம் நிக்காத என்கிறான். ஹாலிலிருந்து ஒரு தடவை வருகிறது, கொஞ்சம் பிந்தி ஃபிரிட்ஜ் மேலிருந்து அதே குரல் இன்னொரு தடவை. ஆவி வர்ற பக்கம் நிக்காத. எந்தக் குரலுக்குப் பதில் சொல்வது. நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நான் டிவியில் வந்தேன். காபியைக் குடித்துவிட்டு ராஜவேல் போனை டிவியோடு சேர்த்து ஒன்று காட்டுகிறேன் பாருங்கள் என்றான், ஊட்டிக்குப் போன படமாக இருக்கும் என்று நானும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பார்த்தால் மேலேயிருந்து ஒரு கிழவி. வகிடு அகலமாக வெளுத்துக் கிடக்கிறது, ஜாக்கெட் தோளில் இறங்கியிருக்கிறது, யாருடா இது என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன், அப்புறம்தான் தெரிந்தது, சேலை என்னுடையது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கிழவி சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். நல்லாத்தான இருக்கு, என்ன குறை, சொல்லுங்க என்ன குறை. இன்னொரு நாள், இன்னொரு சேலை, புளி கூடிருச்சு பரவால்ல என்கிறாள், சிரிக்கிறாள். இப்படி ஒன்று மாற்றி ஒன்று. எடுத்து எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறான். அப்புறம் போன தீபாவளி. அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது, நான் கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி, ஊதி, நக்குகிறேன். படைப்பதற்கு முன்னால். மதினி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. "என் தம்பிக்கு எச்சியவாட்டி படைச்ச?" என்று கேட்டாள். அதற்கு ராஜவேல் சொன்னதுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. "அவங்க வேணும்னு செய்யல அத்த, அவங்களுக்கே தெரியல. அதுக்குத்தான் டாக்டர்கிட்ட காட்டணுங்கேன்." எனக்காகப் பரிந்து பேசுகிறானாம். எச்சில் பண்ணினவள் என்ற பேரிலிருந்து என்னைக் காப்பாற்றிப் பைத்தியம் என்ற பேரில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டான். தெரிந்துதான்டா செய்தேன், நல்லாத் தெரிந்துதான் நக்கினேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.  தீபாவளி முடிந்ததும் என்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. வீட்டை வாடகைக்குப் பார்க்க யாரோ வாத்தியார் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. முடிவு பண்ணிட்டோம்மா என்றான். பண்ணிட்டோமில் நான் இல்லை. இந்த வருஷம் நீயே படையலுக்குச் சமைம்மா, கடைசி தடவை இந்த வீட்டுல என்றான், ஆவுடை அத்தை சும்மா பக்கத்துல இருப்பாங்க.

சும்மா இருக்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருக்கிறாள். மூக்குதான் இந்தக் குடும்பத்தில் சமைக்கும். கல்யாணமாகி வந்த மறுநாள் என் மாமியார், இவளைப் பெற்றவள், நான் ரசத்தைக் கையில் ஊற்றிப் பார்த்ததைப் பார்த்துவிட்டுச் சட்டியோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டினாள். ஆம்பளை சாப்பிடுகிற சோறு, முதல் வாய் அவன் வாயாக இருக்க வேண்டும், பொம்பளை நாக்கு பட்டால் எச்சில். உப்பு ஆவியிலேயே மணக்கும், மோந்து பழகு என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் மோந்தேன். ஆவியில் முகத்தைக் காட்டிக் காட்டி மோந்தேன், மூக்கு நுனி வெந்துபோகும். புளி மணக்கும், மல்லி மணக்கும், பூண்டு பச்சையா வெந்ததா என்று மணக்கும். உப்பு மணக்காது. உப்புக்கு ஏது மணம். தூத்துக்குடி போகிற வழியில் அம்பாரம் அம்பாரமாக மலை மாதிரி உப்பைக் குவித்து வைத்திருக்கிறான், பஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை தடவை போயிருக்கிறேன், காற்றுதான் மணக்கும். இல்லாத மணத்தை இருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, ஆமாம் இருக்கிறது என்று இன்னொருத்தி சொல்ல, கண்டுபிடிக்கத் தெரியாதவள் நான் ஒருத்திதான் மக்கு என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். கொதி வந்ததும் கை போடும், கை அளவுதான் கணக்கு, சில நாள் கூடும், சில நாள் குறையும். அப்போது நாலு விரல்.

நாலு விரல் என்றால், அவர் இடது கையின் நாலு விரல். முதல் வாய் சாப்பிடுவார். மெல்லுவார். நான் எதிரே கரண்டியோடு நிற்பேன். பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை வராது. இடது கை நாலு விரலைத் தட்டின் விளிம்பில் வைத்து அந்தப் பக்கமாகத் தள்ளுவார், நாலு விரல் அகலத்துக்கு, அவ்வளவுதான், தட்டு தரையில் உரசுகிற சத்தம்கூட மெல்லத்தான் வரும். பிறகு உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து போய்க் கை கழுவுவார். கை ஓங்கினதில்லை, குடித்ததில்லை, சத்தம் போட்டதில்லை. தங்கமான மனுஷன். பக்கத்து வீட்டில் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன் பெண்டாட்டி என்னிடம் வந்து சொல்லுவாள், உங்களுக்கு என்னக்கா தங்கமான மனுஷன் என்று. நானும் தலையாட்டுவேன். அவரும் தங்கமான மனுஷன், நானும் கொடுத்துவைத்தவள், தட்டு மட்டும் நாலு விரல் தள்ளிக் கிடக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும், தள்ளினார் என்றா, தள்ளினால் என்ன என்று கேட்பார்களே. நானோ அந்தச் சத்தம் வந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பயந்து நிற்பேன். அவர் எழுந்து போனதும் அதே தட்டில் நான் சாப்பிடுவேன், கொட்டவா முடியும். சாப்பிட்டால் பல நாள் உப்பு சரியாக இருக்கும். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. உப்பு சரியாக இருக்கும். ஆபீஸில் முதலாளி என்ன சொன்னானோ, எவன் கணக்கில் என்ன இடித்ததோ, தட்டில் வந்து நிற்கும். நிஜமாகவே குறைந்த நாளிலும்தான் என்ன, தட்டோரத்தில் உப்பு இருந்ததே. எங்கள் வீட்டில் இலையோ தட்டோ முதலில் வைப்பது உப்புதான், ஒரு சிட்டிகை, ஓரத்தில். சாமி இலையானாலும் செத்தவர் இலையானாலும் அப்படித்தான். தினமும் வைத்தேன். வலது கை விரலை ஒரு சாண் நகர்த்தித் தொட்டுக்கொண்டால் தீர்ந்தது. தொட்டதே கிடையாது. இடது கை தள்ளத் தெரிந்தது, வலது கைக்குத் தொடத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை. முப்பது வருஷம் கழித்துக் கேட்கிறேன், ஏன்.

அவர் போய்க் காரியமெல்லாம் முடிந்து ஆட்களெல்லாம் ஊர் திரும்பின பிறகு ஒரு மத்தியானம் எனக்கு மட்டும் ரசம் வைத்தேன். நுரை கட்டி வரும்போது பழக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மோந்தேன். மோந்துகொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்தது. யாருக்காக மோந்து பார்க்கிறேன். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றினேன், பின்னால் யாரோ வந்து சட்டியைத் தூக்கிக் கொட்டப் போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நக்கினேன். முதலில் புளி வந்தது, கொஞ்சம் பொறுத்து மிளகு பின்னால் வந்து தொண்டையில் நின்றது, உப்பு கொஞ்சம் குறைச்சல். ஒரு கல் போட்டேன். மறுபடியும் நக்கினேன். இப்போது புளியும் மிளகும் ஒன்றுக்கொன்று சண்டை போடாமல் நின்றன. ஒரு கல்லுக்கு இவ்வளவு மாறுமா. அடுப்படியில் கிழவியாகிப் போன பிறகு எனக்குத் தெரிகிறது, குழம்பு கொதிக்கும்போது ஒரு ருசி, இறக்கும்போது ஒரு ருசி, சோற்றோடு சேரும்போது வேறு ஒன்று. அதுவரை எனக்குத் தெரிந்தது கடைசி ருசி மட்டும், அதுவும் ஆறிப்போனது. அன்றையிலிருந்து எல்லாவற்றையும் வாயில் வைத்தேன். பச்சை மாவை வைத்தேன், பாதி வெந்த பருப்பை வைத்தேன், மிக்சியில் அரைபடும்போதே மூடியைத் திறந்து விரலால் வழித்து வைத்தேன். வாயில் வைத்தால் பேச்சு வருகிறது. நல்லாத்தானே இருக்கிறது, என்ன குறை, சொல்லுங்கள் என்ன குறை. அவரிடம்தான் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பேன். இருக்கும்போது கேட்க வாய் வராததைப் போன பிறகு கேட்டேன், பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டேன். நல்லா இருக்கு என்று எனக்கு நானே சொல்லியும் கொண்டேன். அதைத்தான் என் பிள்ளை டாக்டருக்குக் காட்டச் சேர்த்து வைத்திருக்கிறான்.

பெங்களூர் வீட்டை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. பதினோராவது மாடி. போன கோடையில் போயிருந்தபோது அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் நின்றேன், கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு பலகை, அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது, விரலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். சமைக்க ஒரு அம்மா வருகிறாள், காதில் பாட்டைச் செருகிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்து டப்பாவில் அடைத்துவிட்டுப் போய்விடுவாள். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், உக்காரு என்று ராஜவேல் தட்டைக் கொண்டுவந்து வைப்பான். அன்பாகத்தான் வைப்பான். அங்கும் ஒரு கேமரா இருக்கிறது. அங்கே போனால் கடைசி ருசி மட்டும்தான் எனக்கு, அதுவும் அடுத்தவள் கை. அதைவிட ஒன்று இருக்கிறது, அதை நினைக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன். ஒருவேளை அவன் சொல்வது உண்மையாக இருந்தால். பைத்தியத்துக்குத் தான் பைத்தியம் என்று தெரியுமா. என் சித்தி ஒருத்தி, எட்டயபுரத்தில் இருந்தாள், கடைசியில் பெற்ற மகனைப் பார்த்து நீ யார் வீட்டுப் பிள்ளை ராசா, சாப்பிட்டியா என்று கேட்டாள். அவளும் முதலில் தனியாகப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். என்ன பேசினாள் என்று அப்போது நாங்கள் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. தெருவில் சரவெடி வெடிக்கிறார்கள், ஜன்னல் கம்பி அதிர்கிறது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பால்காரன் பேர் ஞாபகம் இருக்கிறது, சிலிண்டர் வந்த தேதி ஞாபகம் இருக்கிறது, நாலு விரல் ஞாபகம் இருக்கிறது. மறந்தால்கூடத் தேவலை.

குக்கர் கத்துகிறது. பிரவீணா ஓடிவந்து குமிழைத் தட்டிவிட, புஸ்ஸென்று ஆவி மேலே அடித்துப் பரணில் முட்டுகிறது, அடுப்படி முழுக்கக் கறி வாசனை. ஆவி அடங்கி மூடியிலிருக்கிற சின்ன ஆணி இறங்கியதும் அவள் மூடியைத் திறந்தாள். நிறம் அழகாகத்தான் வந்திருக்கிறது, எண்ணெய் பிரிந்து சிவப்பாக மேலே நிற்கிறது. நான் குனியவில்லை. மதினி எழுந்து வந்தாள், ஒரு கையை மேடையில் ஊன்றிக்கொண்டு முகத்தை ஆவிக்குக் கொடுத்துக் கண்ணை மூடி நன்றாக உறிஞ்சினாள். "உப்பு சரியா நிக்கிட்டி" என்றாள். அவள் அம்மா சொன்ன அதே மாதிரி, நிக்கி என்பதை இழுத்து. பிரவீணா ஆச்சரியப்பட்டாள், வாசனையிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டாள், மதினிக்குப் பெருமை தாங்கவில்லை, அதெல்லாம் அந்தக் காலத்துக் கை என்றாள். நான் குழம்பை மாற்றக் கிண்ணம் எடுக்கத் திரும்பினேன். அலமாரியில் உப்பு ஜாடி. தீபாவளிக்கென்று காலையில்தான் அதை விளக்கிக் காயவைத்துக் கழுத்துவரை புதுக் கல்லுப்பு நிரப்பிக் கையால் நிரவி வைத்தேன். நிரவினது நிரவினபடி இருக்கிறது. என் உள்ளங்கைத் தடம்கூட அப்படியே இருக்கிறது. வடைக்கும் சட்னிக்கும் பிரவீணா பாக்கெட்டிலிருந்து தூள் உப்பைப் போட்டாள், அது சரி. குழம்புக்கு நான் போடவில்லை. குழம்பில் உப்பு இல்லை. ஒரு கல்கூட இல்லை.

முதலில் பயம்தான் வந்தது, பழைய பயம். அப்புறம் புதுப் பயம், மறந்துவிட்டேனே, அப்படியானால் அவன் சொல்வது சரிதானே. பிறகு நின்று யோசித்தேன். நான் எப்போது உப்புப் போடுவேன். கொதி வந்ததும். முப்பது வருஷமாகக் கொதி வந்ததும் என் கை தானாக ஜாடிக்குப் போகும், நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் கொதி எங்கே வந்தது. மூடிக்குள் வந்தது, மூடிக்குள் போனது. நான் உப்புப் போடுகிற இடத்தை இந்தப் பெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது, கை காத்துக்கொண்டே நின்றிருக்கிறது. இது மறதி இல்லை. வாயில் வைத்திருந்தால் திறந்த உடனே தெரிந்திருக்கும், இரண்டு கல்லைக் கரைத்து ஊற்றினால் முடிந்தது. இப்போது போடலாமா. ஜாடியைத் திறந்தால், இப்பத்தான் சரியா இருக்குன்னேன் திரும்ப எதுக்குட்டி உப்பு என்று மதினி கேட்பாள். அம்மா ரெண்டு தடவை உப்புப் போடுறாங்க என்று ஃபிரிட்ஜ் தலையில் இருப்பது எழுதி வைத்துக்கொள்ளும். உப்பே போடவில்லை என்று சொன்னால் மறந்துட்டாங்க. போடாமலே விட்டால் சாப்பிடும்போது தெரிந்து, மறந்துட்டாங்க. எப்படித் திரும்பினாலும் நான் டிவியில் வருகிறேன். எனக்கு அப்போது கோபம் வந்தது பாருங்கள், காது மடலெல்லாம் சுட்டது. எதற்கு நான் போட வேண்டும். உப்புச் சரியாக இருந்த நாளெல்லாம் தள்ளினாரே, இன்றைக்கு நிஜமாகவே இல்லை, இன்றைக்குத் தள்ளட்டும். வந்து தள்ளட்டும். படத்துக்குள்ளிருந்து அந்த இடது கையை நீட்டி நாலு விரலை வைத்துத் தள்ளட்டும், நானும் பார்க்கிறேன். கிண்ணத்தில் குழம்பை ஊற்றினேன். நல்ல துண்டாகப் பார்த்து, எலும்போடு, அவருக்குப் பிடித்த நல்லியாகப் பார்த்துத்தான் ஊற்றினேன்.

இலை போட்டாயிற்று. படத்துக்கு மாலை, புது வேட்டியின் மூலையில் மஞ்சள், ஊதுபத்தி. ஜாடியிலிருந்து முதல் சிட்டிகையை நான்தான் எடுத்து இலையின் இடது ஓரத்தில் வைத்தேன், என் உள்ளங்கைத் தடம் அப்போதுதான் கலைந்தது. சோறு, மேலே குழம்பு, பக்கத்தில் வடை. இலையைச் சுற்றித் தண்ணீர் விளாவி, சூடம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். மதினி அழுதாள். தம்பி, வயிறாரச் சாப்பிடுய்யா என்றாள். கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி அவரைச் சாப்பிட விட்டோம். அவர் வந்து சாப்பிட்டிருந்தால் என்ன முகம் காட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு சாத்தின கதவுக்கு வெளியே நின்றேன். பாவமாக இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. கதவைத் திறந்தபோது ஊதுபத்தி பாதி எரிந்திருந்தது, இலை வைத்த இடத்திலேயே இருந்தது, ஒரு விரல்கூட நகரவில்லை.

படைத்த இலையில் மூத்த மகன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் வழக்கம். ராஜவேல் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அந்த வேட்டியில், அந்த இலைக்கு முன்னால், சம்மணம் போட்டபோது முதுகு அவர் முதுகு மாதிரியே கூன் போட்டது. பிசைந்தான். முதல் வாய் வைத்தான். மென்றான். நான் எதிரே கரண்டியோடு நின்றேன். மெல்லுவது நின்றது. என்னைப் பார்க்கவில்லை, பிரவீணாவைப் பார்த்தான், பார்த்தியா என்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் அவன் இடது கை வந்தது. நாலு விரல். இலை விளிம்பில் வைத்துத் தள்ளினான், அவனுக்கே தெரியாமல்தான் தள்ளினான், நாலு விரல் அகலத்துக்கு இலை நகர்ந்தது. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து வயதில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்த்தது.

"உப்பே இல்லம்மா" என்றான். குரலை இறக்கி, நோயாளியிடம் பேசுகிற மாதிரி. மதினி, மணம் நல்லாத்தானய்யா இருந்துச்சு என்று இழுத்தாள். அந்தப் பழைய பயம் வரட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன், அந்த இடத்தில் நான் நின்றுதான் பழக்கம், உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அவன் இலையிலிருந்து ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றேன். வெந்திருக்கிறது, காரம் சரி, மல்லி சரி, தேங்காய் சரி, உப்பு மட்டும் இல்லை. "ஆமா, இல்ல" என்றேன். "நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். வாயில வைக்கவே இல்ல. ஒன் போன்ல இருக்கும், பாத்துக்கோ. முன்னாடியெல்லாம் வச்சேன், அதுவும் தெரிஞ்சுதான் வச்சேன். நாளைக்கும் வைப்பேன், இதே அடுப்படியில. நான் எங்கயும் வரல. வாத்தியார வர வேண்டாம்னு சொல்லிரு."

 ராஜவேலின் இடது கை இன்னும் இலை விளிம்பில்தான் இருந்தது. அந்தக் கையை எடுத்து அவன் மடியில் வைத்தேன். இலையைப் பிடித்துப் பழைய இடத்துக்கே இழுத்து விட்டேன்.

"ஓரத்துல உப்பு இருக்கு" என்றேன். "தொட்டுக்கிடு."

என்னைப் பார்த்தான், அப்பா படத்தைப் பார்த்தான், அதற்குப் பிறகு அவன் வலது கை விரல் மெல்ல இலையோரத்துக்குப் போனது.